சார்ஜ் நிற்காத டைனமோ டார்ச்: பேட்டரி மாற்றுமுன்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகும் இந்தப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. வில்லியனூரிலோ பாகூரிலோ கையால் சுற்றும் டார்ச், ரேடியோ வாங்கி வைக்க வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் பரணிலிருந்து எடுக்கும்போது பல டார்ச்சுகள் சுற்றும்வரைதான் எரிகின்றன. கையை எடுத்தால் இருட்டு.

சுற்றினால் எரிகிறது என்றால் காந்தமும் சுருளும் பல்சக்கரமும் நல்ல நிலையில் உள்ளன. போனது பேட்டரி. பழைய வகை நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், சும்மா இருந்தாலே மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சார்ஜை இழக்கும். ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தால் மறுபடி பிடிப்பது கடினம்.

ஆபத்து ரிப்பேரில்தான் தொடங்குகிறது. மூன்று நிக்கல் செல் சேர்ந்த பேக்கில் 3.6 வோல்ட் என்றிருக்கும். லித்தியம் செல்லில் 3.7. ‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று பழைய லேப்டாப்பில் உருவிய செல்லை வைத்துவிடுகிறார்கள். ஒன்றல்ல. நிக்கல் செல் குறைந்த கரண்டில் கொஞ்சம் கூடுதல் சார்ஜைத் தாங்கும். லித்தியத்துக்கு 4.2 வோல்ட்டில் சார்ஜ் நின்றே ஆக வேண்டும். மலிவான டார்ச்சில் டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே டையோடு மட்டும் இருந்தால், அது கரண்ட் திரும்பிப் போகாமல் தடுக்குமே தவிர சார்ஜை நிறுத்தாது. நிறைந்த பிறகும் சுற்றினால் செல் சூடாகி உப்பலாம், தீப்பிடிக்கலாம். இன்னொன்று: 2.5 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி வெகுநாள் கிடந்த லித்தியம் செல்லுக்குள் செம்பு கரைந்திருக்கலாம். சார்ஜ் ஏற்றும்போது அது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெள்ளத்தில் நனைந்த செல்லும் உப்பிய செல்லும் ரிப்பேருக்கு உரியவை அல்ல.

சில டார்ச்சுகளைத் திறந்தால் சிஆர்2032 என்று எழுதிய பட்டன் செல் இருக்கும். அது சார்ஜ் ஏற்றக்கூடாத வகை. டைனமோ அங்கே வெறும் வேஷம். அந்தச் செல்லைக் கழற்றித் தரையில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுவர் பிளக்கிலும் சார்ஜ் ஏறும் மாடல் என்றால் கூடுதல் கவனம். பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட்டைக் குறைப்பது ஒரு கெப்பாசிட்டர் மட்டுமே. பிளக்கில் இருக்கையில் பேட்டரி ஒயரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

மாற்றுவதானால் அதே வகை, அதே வோல்ட், தகடு வெல்டு செய்து வரும் செல். செல்லின் மேலேயே ஈயம் வைத்தால் சூட்டில் உள்ளே கெடும். மாற்றிய பின் இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

புதிதாக வாங்குவோர் சாதாரண ஏஏ செல்லும் போடக்கூடிய ரேடியோவாகப் பார்க்கலாம். செல்லை உள்ளே போட்டே வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். தனியாக வைத்து, புயல் அறிவிப்பு வந்ததும் போட்டால் போதும்.