வருஷா வருஷம் கேஸ் அடிக்கலாமா?

2006 மாடல் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சித்திரையில் ஏசிக்கு கேஸ் அடித்தால் ஆடிக்குள் கூலிங் போய்விடுகிறதாம். வண்டி இவ்வளவு கேஸ் குடிக்குமா என்று கேட்கிறார்.

குடிக்கவே குடிக்காது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிற கேஸ் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. பானட்டைத் திறந்து, கண்டென்சர் ஓரங்களிலும் குழாய் இணைப்புகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்ப்ரசர் ஆயில் கேஸோடு சேர்ந்தே ஓடுவதால், கசியும் இடத்தில் பிசுக்கேறித் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். அதைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிப்பவர் அடுத்த சித்திரைக்கும் உங்களை எதிர்பார்க்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை பிரஷர் கேஜ். வண்டி ஆறி நிற்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே 200 கிராம் ஆர்134ஏ கேஸ் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் 97 பிஎஸ்ஐயை ஒட்டித்தான் நிற்கும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தை முடிவுசெய்வது வெப்பம்தான். எங்கள் வீட்டு சிலிண்டரும் அப்படியே. காலியாகும் நாள்வரை அடுப்பு நன்றாக எரியும். எவ்வளவு மீதி என்று தெரிய என் மனைவி அதைத் தூக்கித்தான் பார்ப்பாள். கார் ஏசிக்கும் எடைதான் கணக்கு. பானட்டுக்கு உள்ளே ஒட்டிய ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். முதலில் முழுவதும் காலிசெய்து, தராசில் வைத்து அத்தனை கிராம் ஏற்ற வேண்டும். கூடப்போனாலும் கூலிங் கெடும்.

ஏற்றுமுன் வேக்கூம் போடுவார்கள். அழுத்தம் இறங்க இறங்க, குழாயில் புகுந்த ஈரம் 30 டிகிரியிலேயே கொதித்து வெளியேறிவிடும். அவசரத்தில் பம்பை நிறுத்தினால், மிஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். கூலிங் வரும், போகும்.

காலிசெய்வதென்றால் புஸ்ஸென்று வெளியே திறந்துவிடுவதா? எனக்குப் பொறுக்காதது இதுதான். ஓசோனை அரித்த ஆர்12க்கு மாற்றாக 1990களில் கார்களுக்கு வந்தது ஆர்134ஏ. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் நூறாண்டுக் கணக்கில் பூமியைச் சூடேற்றுவதில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாது. அரை கிலோவைத் திறந்துவிடுவது 650 கிலோ கரியமில வாயுவைக் கொட்டுவதற்குச் சமம். உறிஞ்சிப் பிடிக்கும் மெஷின் இருக்கிறது. அது இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள், நூறு இருநூறு கூடப்போனாலும்.

கசிவை அடைத்ததும், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றச் சொல்லுங்கள். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசி ஓடட்டும். ஆயில் படாமல் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் காய்ந்தால் அடுத்த கசிவு அங்கேதான்.