மனுவில் விட்டுப்போன ஆச்சி

முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தையும் பாலத்தையும் பார்த்தவன் நான். கோர்ட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. திருவனந்தபுரம் டிவிஷனில் என்னோடு வேலை பார்த்து, கரமனையில் வீடு கட்டிக் குடியிருந்த நண்பர் காலமான பிறகுதான் வஞ்சியூர் நீதிமன்றப் படியேறினேன்.

நண்பர் உயில் எழுதவில்லை. வங்கி டெபாசிட்டுகளுக்கு நாமினியும் போடவில்லை. “பென்ஷன் வந்துட்டுதே அண்ணா, இந்தப் பணம் மட்டும் ஏன் வரலை?” என்று அவர் மனைவி கேட்டார். குடும்ப பென்ஷன் விதிப்படி வருவது. அது இறந்தவரின் சொத்தில் சேராது என்று 1991இல் ஒரு ரயில்வே ஊழியரின் மனைவி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டெபாசிட் அப்படியல்ல. தொகை பெரிது என்பதால் வங்கி கோர்ட் சான்று கேட்டது.

நம்மவர்கள் எல்லாவற்றையும் ‘புரொபேட்’ என்று சொல்லிவிடுகிறோம். புரொபேட் உயிலை மெய்ப்பிப்பது. சென்னை, மும்பை போன்ற நகரங்களில் அது கட்டாயமாக இருந்தது. 2025இல் அந்தச் சட்டப் பிரிவே நீக்கப்பட்டுவிட்டது. உயில் இல்லாதவர்களின் வங்கிப் பணத்துக்கும் பங்குகளுக்கும் வேண்டியது வாரிசுரிமைச் சான்று. 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 372ஆம் பிரிவு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேறு. இறந்தவர் கடைசியாக எங்கே குடியிருந்தாரோ அந்த ஊர் கோர்ட்டில்தான் மனுப் போடவேண்டும். சொந்த ஊர் வங்கிப் பணத்துக்காகத் திருநெல்வேலிக்கு ஓடவேண்டியதில்லை. வஞ்சியூரில் வாங்கும் சான்று இந்தியா முழுதும் செல்லும். வீடு, நிலத்துக்கு மட்டும் இது உதவாது.

துபாயிலிருந்து வந்த மகன் மனுவுக்கான விவரங்களை எழுதிக் கொடுத்தான். மனைவி, மகன், மகள் என்று மூன்று பேர். வக்கீல் படித்துவிட்டு, “அச்சனோட அம்மா இருக்காங்களா?” என்று கேட்டார். இருக்கிறார்கள். ஊரில், எண்பத்தெட்டு வயதில்.

“ஆச்சிக்கு எதுக்கு மாமா இந்த அலைச்சல்? பணத்தை வச்சு என்ன செய்யப் போறாங்க?” என்றான் என்னிடம்.

எனக்குச் சுருக்கென்றது. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகள், தாய் நால்வருக்கும் தலைக்கு ஒரு பங்கு, அதாவது கால்வாசி. நெருங்கிய உறவினர் யாவரையும் மனுவில் காட்டியாகவேண்டும். மறைத்து வாங்கிய சான்றைக் கோர்ட் பிறகு ரத்து செய்யலாம். நாமினி போட்டிருந்தாலும் கதை இதுதான்: நாமினி பணத்தைக் கையில் வாங்குபவர், சொந்தக்காரர் அல்லர். இன்ஷூரன்ஸ் பாலிசி விஷயத்தில் 1984இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது.

பையன் கெட்டவனல்லன். வெளியூரில் இருக்கும் நாம் பலரும் ஊரிலிருக்கும் கிழவிகளை இப்படித்தான் கணக்கில் விட்டுவிடுகிறோம். திருத்தி எழுதினோம். ஆச்சியின் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து. அதற்கொரு பிரமாணப் பத்திரம். நோட்டீஸ் ஒட்டினார்கள், பத்திரிகையில் விளம்பரம் வந்தது, ஆட்சேபம் எதுவுமில்லை. மாதங்கள் ஓடின, சான்று கிடைத்தது. ஆச்சி தன் பங்கைத் தன் பேரிலேயே போட்டுக்கொண்டார், பேத்தியைத்தான் நாமினியாக்கினார்.

பீரோவைச் சுத்தம் செய்யும்போது இன்னொரு கம்பெனி டெபாசிட் ரசீது கிடைத்திருக்கிறது. சான்றின் பட்டியலில் அது இல்லை. அதையும் சேர்த்துத் தரச் சொல்லி அடுத்த வாரம் மறுபடி வஞ்சியூர் போகிறோம்.