எங்காயா

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் மார்க்கத்தில், திண்டிவனத்துக்குச் சற்று முன்னதாக வரும் ஒலக்கூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், திண்ணையில் அமர்ந்து மல்லாட்டை என்னும் வேர்க்கடலையை உரிக்கும் மூதாட்டியைப் பேரப்பிள்ளைகள் ‘பாட்டி’ என்று அழைப்பதைக் காட்டிலும் ‘ஆயா’ என்று அழைப்பதே நெடுநாளைய வழக்கம். செட்டிநாட்டில் இதே வார்த்தை தாயைப் பெற்றவளுக்கு மட்டும் உரியது. தந்தையைப் பெற்றவள் அங்கே அப்பத்தா. திருநெல்வேலிச் சீமையில் ஆச்சி. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவும் அப்பம்மாவும்.

‘ஆயா’ என்ற வார்த்தையின் வம்சம் மிகப் பழைமையானது. தாயைக் குறிக்கும் ‘ஆய்’ என்ற சொல்லோடு உறவுடையது அது. என் தாயை ‘யாய்’ என்றும், உன் தாயை ‘ஞாய்’ என்றும், அவன் தாயைத் ‘தாய்’ என்றும் பிரித்துச் சொன்ன சங்க காலத்து நுட்பம் முற்றிலும் அழிந்துவிடவில்லை; ‘எங்காயா’, ‘உங்காயா’ என்று வாதாடும் தென்னார்க்காட்டுக் குழந்தைகளின் நாவில் அது இன்றும் வேறொரு ரூபத்தில் ஜீவித்திருக்கிறது.

ஆயினும், நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், ‘ஆயா என்று சொல்லாதே, பாட்டி என்று சொல்’ என்று பிள்ளைகளைத் திருத்துவதைக் காண்கையில் மனம் வேதனைப்படுகிறது. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் ஊழியம் செய்யும் ஸ்திரீகளுக்கும் அதுவே பெயராக இருப்பதுதான் இந்தக் கூச்சத்துக்குக் காரணம். அந்த ஆயா வேறு வழியாக வந்தவள். பிள்ளை வளர்ப்பவளைக் குறிக்கும் ‘ஐயா’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல், வெள்ளைக்காரர் பங்களாக்களின் வழியே நம் பாஷைக்குள் புகுந்தது. ஆனால் அச்சொல்லின் மூலத்தை ஆராய்ந்தவர்கள் லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் ‘அவியா’விடம் அன்றோ போய் நிற்கிறார்கள்!

ஆகவே, எவ்வழியே வந்தாலும் இது முதியவள் ஒருத்தியின் பரிவைக் குறித்த பதமேயன்றி, இழிவைக் குறித்தது அன்று. 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில், பிறர் பெற்ற மழலைக்குச் சோறூட்டி முகம் துடைத்துவிடும் உதவியாளரையும் கிராமத்துப் பிள்ளைகள் ஆயா என்றே அழைக்கின்றன. அவர் செய்வதும் பாட்டியின் காரியந்தானே? ஊழியம் செய்பவரின் பெயர் என்பதற்காக வீட்டுப் பாட்டியிடமிருந்து அந்தப் பெயரைப் பறிப்பதைவிட, வீட்டுப் பாட்டிக்குத் தரும் மரியாதையை அந்த ஊழியருக்கும் தருவதே நியாயம். ஒலக்கூர்க் குழந்தைகள் தங்கள் ஆயாவை எந்தச் சபையிலும் ஆயா என்றே கூச்சமின்றி அழைக்கட்டும்.