இழுப்பும் வலிவும்

இருட்டு பிரியும் முன்பே கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் ஜீப்புகளில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. முன்னால் போகிற வண்டி கொண்டை ஊசி வளைவில் திணறும்போது கக்குகிற டீசல் புகை பின்னால் வருபவர்களின் முகத்தில் அடிக்கும். இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை. அறுவடைக் காலத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகுப் புகை; வீடு திரும்பினால் அடுப்பு. இவர்களில் ஒருவருக்கு இழுப்பு எனும் ஆஸ்துமா இருந்தால், மருத்துவமனையில் எவ்வளவு நல்ல வைத்தியம் கிடைத்தாலும் அவர் திரும்பிப் போவது இதே புகைக்குள்தான்.

வடக்கே பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வறண்ட கிழக்குக் காற்று புழுதியை வாரிக்கொண்டு அந்த வழியே பாயும். வாளையாறு நெடுஞ்சாலையின் லாரிப் புகையும் கஞ்சிக்கோட்டு இரும்பு உருக்காலைகளின் புகையும் அதில் சேர்ந்துகொள்ளும். இடுக்கியின் பள்ளத்தாக்குகளில் சிக்கல் வேறு மாதிரி. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதைத் தட்டுப் போட்டு மூடிவிடும். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் அடுப்புப் புகை மேலே போக வழியில்லாமல் கூரை மட்டத்திலேயே தேங்கும்.

இந்தப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் உண்டு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அவை நுரையீரலின் கடைசிக் கிளைவரை போய்ப் படியும். ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்ச் சுவர் ஏற்கெனவே வீங்கியிருக்கும். துகள் பட்டதும் வீக்கம் கூடும், சளி சுரக்கும், சுற்றியுள்ள தசை இறுகும். டீசல் துகளுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு: மகரந்தம், தூசி போன்றவற்றின் ஒவ்வாமையையும் அது தூண்டிவிடும்.

மூச்சு முட்டி வருபவருக்கு ஆக்ஸிஜன், முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை சால்புடமால் நெபுலைசர், ஸ்டீராய்டு மருந்து. நெஞ்சு லேசானதும் நோயாளி எழுந்து செருப்பைத் தேடுவார். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். சால்புடமால் தசையைத் தளர்த்துமே தவிர, வீக்கத்தைத் தொடாது. அதைத் தணிக்க ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தொடர்ந்து இழுக்க வேண்டும். சால்புடமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. "இன்ஹேலர் பழகிப்போயிரும்" என்ற பயம் இன்னும் விலகவில்லை. ஒரு வாரத்துக்குள் மறுபடி வந்து காட்டச் சொன்னால், தினக்கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

மருந்தைப் பற்றிப் பேசும்போது காற்றைப் பற்றியும் பேச வேண்டும். லண்டனில் எல்லா அடூ-கிஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி கடும் ஆஸ்துமாவால் 2013-ல் இறந்தாள். மூன்றாண்டுக்குள் ஏறக்குறைய 30 முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவள். வீடு வாகன நெரிசல் மிகுந்த சாலையருகே. அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். காற்று மாசின் ஆபத்தை மருத்துவர்கள் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை என்பதையும் அவர் பின்னர் அறிக்கையில் பதிவு செய்தார்.

நம் தமிழக-கேரள எல்லையில் அந்தப் பேச்சுக்குள் மொழியும் குறுக்கே வருகிறது. நாம் இழுப்பு என்பதை மலையாளத்தில் வலிவு என்பார்கள். வலிப்பது என்றால் இழுப்பது. தமிழ்க் காதுக்கோ வலிவு என்றால் பலம். கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மூச்சு நோய்களுக்கென்றே ‘ஸ்வாஸ்’ கிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே மூச்சின் அளவைக் குறிக்கும் சீட்டிலேயே இன்னும் இரண்டு கேள்விகளைத் தமிழில் கேட்டு எழுதிக்கொள்ளலாம்: வீட்டில் என்ன அடுப்பு? ஸ்டோரில் எத்தனை நாள் வேலை?