காரணத்தைச் சொன்ன பெற்றோர்

கொழும்பு தெமட்டகொடையில் பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் தோட்டமொன்றில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தால், செத்தது வயசாளியா இளந்தாரியா என்றுதான் முதலில் கேட்பார்கள். இளந்தாரி என்றால் அதற்குமேல் கேள்வி வராது. "திடீர் நெஞ்சுவலியாம்" என்று வீட்டார் சொல்வார்கள். வந்தவர்களும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். குடுவா (ஹெரோயின்), ஐஸா (மெதம்பெட்டமின்) என்பது பாதித் தோட்டத்துக்குத் தெரிந்திருக்கும். வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் இதே கதைதான், லிஃப்ட் மட்டும்தான் கூடுதல். வாய் திறக்காததை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். ஆனால் அடுத்த வீட்டுத் தாய், தன் மகனைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டியது எதுவோ அதைத் தெரியாமலே வீட்டுக்குப் போகிறாள்.

காரணத்தை வாய்விட்டுச் சொன்ன பெற்றோரும் உலகில் இருக்கிறார்கள்.

கால்கட்டுப் போட்டால் சரியாகுமா?

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கௌசல் கிஷோர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் மத்திய இணையமைச்சராகவும் இருந்தவர். அவருடைய மகன் ஆகாஷ் 2020 ஒக்டோபரில் குடியால் இறந்தார். 2022 டிசெம்பரில் சுல்தான்பூர் மாவட்டத்துக் கூட்டமொன்றில் தந்தை அதை மறைக்காமல் பேசினார். மகனைக் குடிமறப்பு நிலையத்தில் சேர்த்தார்கள். திருந்திவிடுவான் என்று நம்பி ஆறு மாதத்தில் கலியாணம் செய்து வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆகாஷ் மறுபடி குடிக்கத் தொடங்கினார். அவர் இறந்தபோது அவருடைய பிள்ளைக்கு இரண்டு வயதுதான் இருக்கும். எம்பியான தன்னாலும் எம்எல்ஏயான மனைவியாலும் காப்பாற்ற முடியவில்லை என்றால் சாதாரண சனம் என்ன செய்யும் என்று தந்தை கேட்டார்.

குடிகார அதிகாரியைவிட ரிக்‌ஷா இழுப்பவன் நல்ல மாப்பிள்ளை என்று அன்று அவர் சொன்னதுதான் செய்தித் தலைப்பானது. எனக்கு அந்த ஆறு மாதம்தான் பெரிதாகப் படுகிறது. "ஒரு கால்கட்டுப் போட்டால் அடங்கிவிடுவான்" என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் உண்டா? போதைக்கு அடிமையாவது மூளையைப் பாதிக்கும் நாட்பட்ட நோய். நீரிழிவைப் போல வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியது. சிகிச்சை நிலையத்தை விட்டு வந்து பல மாதங்களுக்குப் பிறகும் ஆசை தலைதூக்கும். அந்த நேரத்தில் வாடகையையும் கடனையும் புது உறவுகளையும் அவன் தலையில் ஏற்றுகிறோம். பெண் வீட்டுக்கு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது தனி அநியாயம். மறுபடி தொடங்கிவிட்டால், வைத்தியத்தை மாற்றவோ நீட்டவோ வேண்டும். "இவன் திருந்தவே மாட்டான்" என்று கைகழுவுவதற்கு அது காரணமாகாது.

வீடு திரும்பிய முதல் வாரங்கள்

பெற்றோர் நிம்மதியாக மூச்சுவிடும் நேரம் இது. ஹெரோயின் பாவித்தவருக்கோ இதுதான் பெரிய கண்டம். வெலிக்கடைச் சிறையிலிருந்தோ கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ வேறெந்த நிலையத்திலிருந்தோ திரும்பும்போது உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். முன்பு தாங்கிய அதே அளவை ஒருநாள் எடுத்தாலே மூச்சு அடங்கிவிடலாம்.

"நல்ல போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவதில்தான் உயிர் போகிறது. தட்டியும் கூப்பிட்டும் எழும்பாமை, நீண்ட இடைவெளி விட்டு வரும் மூச்சு, தொண்டையில் கரகரவென்ற குறட்டை, நீலம்பாரித்த உதடு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். மூச்சு நின்றிருந்தால், முறை தெரிந்தவர் நெஞ்சை அழுத்தி வாயால் மூச்சூட்ட வேண்டும். முகத்தில் தண்ணீர் ஊற்றுவது, பால் பருக்குவது எல்லாம் வேண்டாம். எடுத்தது என்ன என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஹெரோயினுக்கு நலொக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் வைத்தியருக்கு விஷயம் தெரிந்தால்தானே அதைக் கொடுக்க முடியும்?

ஐஸுக்கு அப்படி மாற்று மருந்து இல்லை. நாட்கணக்கில் தூக்கமின்மை, யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம், கொதிக்கும் உடம்பு, நெஞ்சுவலி, வலிப்பு என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான். இன்னொன்று: பல வருடங்கள் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்து அதுவே உயிரைக் குடிக்கலாம்.

பயமுறுத்தினால் போதுமா?

1995இல் இங்கிலாந்தில் லியா பெட்ஸ் என்ற பெண் தன் 18ஆவது பிறந்தநாள் விருந்தில் எக்ஸ்டசி மாத்திரை எடுத்து, சில நாட்களில் இறந்தாள். பெற்றோர் அவளுடைய படத்தை வெளியிட அனுமதித்தார்கள். ஒரே ஒரு மாத்திரை அவளைக் கொன்றது என்ற வாசகத்தோடு சுமார் 1,500 இடங்களில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. உண்மையில் மாத்திரை எடுத்தபின் குறுகிய நேரத்தில் அளவுமீறித் தண்ணீர் குடித்ததால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கியதுதான் சாவுக்கு நேர்க் காரணம். பலகை அதைச் சொல்லவில்லை. அந்தப் பெற்றோரின் துணிவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அச்சத்தோடு தகவலும் போயிருந்தால் இன்னொரு விருந்தில் யாராவது பிழைத்திருக்கலாம்.

பேச நினைக்கும் தாய்க்கு

பள்ளிக்கூடத்தில், கோயிலில், சனசமூக நிலையத்தில் பேசுங்கள் அம்மா. சவப்பெட்டிப் படம் வேண்டாம். முதலில் எதைக் கவனித்தீர்கள், யாரிடம் மறைத்தீர்கள், கடைசி இரவில் மூச்சு எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாளை வகுப்பில் கேலியைச் சந்திக்கப் போவது அவர்கள்தான். ஒரு நாள் தேவையென்றால் ஓகஸ்ட் 31 இருக்கிறது. அளவுமீறிய போதையால் இறந்தோரை நினைக்க 2001இல் மெல்பேர்னில் தொடங்கிய நாள் அது.

உங்களுக்கே இரவில் தூக்கம் வராவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1926. போதை தொடர்பான ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927. கொழும்பு 7, ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ நடத்தும் மெல் மெதுரவில் ஆலோசனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். பாவிக்கும் பிள்ளை வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் போய்ப் பேசுங்கள்.