உள்ளேன் ஐயா!

காலேஜில் நமக்குப் பதிலாக நண்பன் 'பிரசென்ட் சார்' சொல்வானே, ப்ராக்ஸி... பி.காம். மூன்று வருஷமும் நான் பிழைத்ததே அதில்தான். அதே ப்ராக்ஸி, 2023 ஜூலை 31 ராத்திரி என் கழுத்தைப் பிடித்தது.

அன்றுதான் வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். தவறினால் 5,000 ரூபாய் தண்டம். மணி பத்தரை. லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால், எந்தப் பக்கமும் வரவில்லை. அதே வைஃபையில் செல்போன் ஜோராக ஓடுகிறது!

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிட்டேன். "செட்டிங்ஸ்ல ஜெனரல், கடைசியில நெட்வொர்க் செட்டிங்ஸ்... பாருங்கண்ணே, ஆபீஸ் ப்ராக்ஸி அப்படியே இருக்கு!"

விஷயம் இதுதான். பல ஆபீஸ்களில் பிரவுசர் நேராக வெளியே போகாது. ப்ராக்ஸி சர்வர்தான் போய் வாங்கி வரும். என் லேப்டாப்பில் இருந்தது 192.168 என்று தொடங்கும் விலாசம், போர்ட் 8080. அது அந்த ஆபீஸுக்குள் மட்டும் செல்லும். வீட்டில் அந்த விலாசத்தில் ஆளே கிடையாது!

பையன் 'நோ ப்ராக்ஸி'யைத் தட்டினான். பக்கம் வந்துவிட்டது.

"குரோம்ல திறந்திருந்தாலே வந்திருக்கும்ணே. அது விண்டோஸ் செட்டிங்கைப் பார்க்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனிக்கணக்கும் வெச்சுக்கும்."

பதினொன்றே முக்காலுக்கு ரிட்டர்ன் போனது. காலேஜிலும் இதே கதைதான். ப்ராக்ஸி கொடுப்பவன் வராவிட்டால், நாமும் ஆப்சென்ட்!