கல்விக் கடன் திரும்பாவிடில் இழப்பு யாருக்கு?

விக்கிரவாண்டி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற கிராம சபைக் கூட்டத்தில், கரும்பு பயிரிடும் பெரியவர் ஒருவர் எழுந்து, “பேரன் படிப்புக்கு வாங்கிய கடனைக் கட்டும்படி பாங்கிலிருந்து நோட்டீசு வந்திருக்கிறது. பாங்கு சர்க்காருடையது. சர்க்கார் பணம் போனால் யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்டார். கூடியிருந்தோரில் பலர் அதனை ஆமோதித்துத் தலையசைத்தனர். வினா எளியது, விடையோ சிறிது விளக்கத்தை வேண்டுவது. அன்று சுருக்கமாகக் கூறியதை இங்கு விரித்துரைக்க விரும்புகிறேன்.

கடன் வந்த வழி

முன்னாளில் மகனைக் கல்லூரிக்கு அனுப்ப விரும்பிய குடியானவர் நிலத்தை விற்றார். அல்லது மனைவியின் நகையை அடகு வைத்தார். இந்நிலையை மாற்ற 2001ஆம் ஆண்டில் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமின்றியே கடன் கிடைத்தது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. பிறகு 15 ஆண்டுகள் வரை தவணை முறையில் செலுத்தலாம். இதனால் நம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து முதன்முறையாகப் பலர் பட்டதாரிகளாயினர். இஃது எவரும் மறுக்க இயலாத நன்மை.

பணம் யாருடையது?

வங்கி கடனாகத் தரும் பணம் பெரும்பாலும் மக்கள் இட்ட வைப்பேயாகும். நெல் விற்ற பணத்தையும் ஓய்வூதியத்தையும் நாம் அங்குதானே போட்டு வைக்கிறோம்?

இதன்மேல் அரசும் ஒரு பங்கினைச் சுமக்கிறது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயாக நான்கு ஆண்டுகள் ஒரு மாணவர் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். நூற்றுக்குப் பத்து வீதம் தனிவட்டி கணக்கிட்டால், படிப்பு முடிந்து ஓராண்டு கழியும்போது வட்டி மட்டுமே 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயாகும். ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்திற்கு மேற்படாத குடும்பத்து மாணவர், தரச்சான்று பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பக் கல்வி பயின்றால், இவ்வட்டியை மத்திய அரசே செலுத்துகிறது. 2009இல் தொடங்கிய திட்டம் இது. படிப்பை இடையில் விட்டவருக்குப் பொதுவாக இச்சலுகை இல்லை என்பதை நினைவிற் கொள்க.

அசல் திரும்பாவிட்டால் நிகழ்வது யாது? 2015இல் கல்விக் கடனுக்கென உத்தரவாத நிதி ஒன்று அமைக்கப்பட்டது. அதில் சேர்ந்த, ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடன் தவறினால், தவறிய தொகையில் நூற்றுக்கு 75 பங்கினை அந்நிதி வங்கிக்கு ஈடு செய்கிறது. அதாவது 4 லட்சம் தவறினால் 3 லட்சம் பொது நிதியிலிருந்து போகிறது; 1 லட்சம் வங்கியின் இழப்பு. பொதுத்துறை வங்கியின் இலாபம் குறைந்தால் அரசுக்கு வரும் பங்கும் குறையும். ஆகவே, “சர்க்கார் பணம்” என்பது நம் வரிப்பணமேயன்றி வேறன்று. ஈடு கிடைத்துவிட்டது என்பதால் கடனாளி விடுபடுவதும் இல்லை. வங்கி அவரிடம் தொடர்ந்து வசூலிக்கக் கடமைப்பட்டுள்ளது.

பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன்களில் வாராக்கடன் 2020-21இல் நூற்றுக்கு 7 ஆக இருந்து, 2024-25இல் 2 ஆகக் குறைந்துள்ளது. இது நற்செய்தியே. ஆயினும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட கடன்கள் இக்கணக்கில் வாரா என்பதையும் அறிதல் வேண்டும்.

கணக்கில் எழுதப்படாத இழப்பு

ஏரியை எண்ணிப் பாருங்கள். முதல் மடைக்காரர் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு கரையைப் பழுதுபார்க்க வாராவிடில், வறட்சி கடைமடைக்காரருக்கே. அதுபோல, ஒரு சிற்றூரில் பல கடன்கள் நின்றுபோனால், அடுத்து விண்ணப்பிக்கும் ஏழைப் பெண்ணுக்கு வங்கி மேலாளர் தயக்கம் காட்டுகிறார். அவள் பெயர் எந்த வாராக்கடன் பட்டியலிலும் இராது. ஆயினும் பெரிய இழப்பு அவளுடையதே.

தள்ளுபடி வருமா?

2021இல் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதுபோல இதுவும் வரும் எனக் காத்திருப்போர் உளர். பயிர்க்கடன் தந்தவை மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள். கல்விக் கடன் தருபவை பெரும்பாலும் வணிக வங்கிகள். அமெரிக்காவிலும் ஏறத்தாழ 40,000 கோடி டாலர் மாணவர் கடனை நீக்க அரசு வகுத்த திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் திங்களில் செல்லாதென்றது. காத்திருக்குங்கால் வட்டி காத்திராது.

குறை ஒருவருடையதன்று

கட்டாதோர் யாவரும் கட்ட மனமில்லாதவர் அல்லர். வேலை தேடிச் சென்னைக்குச் சென்று, 15 ஆயிரம் ரூபாய் ஊதியத்தில் வாடகையும் சாப்பாடும் போக மாதம் 4,300 ரூபாய் தவணை கட்டுவது எளிதா? மேலே கூறிய 4 லட்சத்திற்கு, வட்டிச் சலுகை பெற்ற பின்னும், 15 ஆண்டுத் தவணை ஏறத்தாழ அவ்வளவே ஆகிறது. ஆகையால் வசைபாடுதலை விட வழிகாட்டுதலே நம் கடமை.

செய்யத்தக்கவை

1. கடன் பெறுமுன் இலவச உதவிகளைத் தேடுக. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் ஆகியவை கடன் சுமையைக் குறைக்கும்.

2. கல்லூரியின் தரச்சான்றையும், அங்குப் பயின்றோர் பெற்ற வேலையையும் விசாரித்தறிக.

3. வட்டிச் சலுகைக்குரிய வருமானச் சான்றினை உரிய காலத்தில் வங்கியில் அளித்திடுக.

4. வேலை கிடைக்கவில்லையாயின் ஒளியாதீர். மேலாளரை நேரில் கண்டு எழுத்து மூலம் தெரிவித்தால் தவணையை ஒத்திவைக்க வழியுண்டு. தவணை 90 நாட்கள் தவறினால் கடன் வாராக்கடனாகும்; பிறகு பயிர்க்கடனோ வீட்டுக்கடனோ பெறுவதும் கடினமாகும்.

5. வழக்கு வரை சென்றுவிட்டால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளலாம், அங்கே கட்டணமில்லை.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் மே முதல் நாள் கிராம சபையிலேயே வங்கி அலுவலரை அழைத்து இவற்றை விளக்கச் செய்தல் நன்று. கல்லூரிச் சேர்க்கைக்கு முன் கேட்கும் ஒரு சொல், நோட்டீசு வந்தபின் கேட்கும் நூறு சொற்களினும் பயனுடைத்து.

அப்பெரியவர் மறுவாரம் தம் பேரனுடன் வங்கிக்குச் சென்றார். தவணை ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்டது. கடன் தீர்ந்துவிடவில்லை, எனினும் தீரும் வழியில் நிற்கிறது. கடைமடைக்கும் தண்ணீர் செல்ல, நாம் ஒவ்வொருவரும் கரையைக் காப்போமாக.